திசை மாறிய நதியும் ஒரு சிறு மீனும்

நதி என்றும் ஒரே வழியில் ஓடுவது என்று எண்ணவே நம் மனம் பழகியிருக்கிறது. அதற்குப் பெயரிட்டு, கரையில் ஊரமைத்து, தாயென்று வணங்கும் நாம், அது ஒருகாலத்தில் எதிர்த்திசையில் ஓடியிருக்கக்கூடும் என்பதை எளிதில் ஏற்பதில்லை. ஆனால் நிலவியலின் கால அளவில் நதிகள் நிலையற்றவை. நிலம் எழும்போது ஓட்டம் திரும்புகிறது. ஒரு நதி பின்னோக்கி அரித்துச் சென்று மற்றொன்றின் தலைநீரைக் கவர்ந்துகொள்கிறது. கடல் உயரும்போது நதியின் கீழ்ப்பகுதி முழுவதும் மூழ்கிவிடுகிறது. இவ்வாறு மறைந்த வழிகளைத் தேடுவோருக்குக் கூழாங்கற்களும் மணற்படிவுகளும் நெடுங்காலமாகச் சான்று சொல்லிவந்தன. அண்மைப் பத்தாண்டுகளில் மீன்களின் மரபணுவும் அச்சாட்சிகளோடு சேர்ந்திருக்கிறது.

இதன் அடிப்படை எளியது. நன்னீரிலேயே பிறந்து மடியும் மீனுக்கு நதியே உலகம். இரு நதிகளைப் பிரிக்கும் மேட்டை அதனால் ஏறிக் கடக்க முடியாது. உப்புநீரில் நீந்தி அடுத்த முகத்துவாரத்தை அடையவும் முடியாது. எனவே இன்று தொடர்பற்ற இரு நதிகளில் நெருங்கிய உறவுள்ள மீன்கள் வாழ்ந்தால், அந்நதிகள் முன்பு எங்கோ இணைந்திருந்தன என்று கருத இடமிருக்கிறது.

மரபணுவைப் படிக்கும் கலை பிறப்பதற்கு முன்பே இவ்வாறு சிந்தித்தவர்கள் உண்டு. போர்னியோவின் மேற்கில் ஓடும் கபுவாஸ் நதியின் மீன்கள், அதே தீவின் கிழக்கில் ஓடும் மகாகம் நதியின் மீன்களைவிட, கடலுக்கு அப்பால் உள்ள கிழக்குச் சுமத்திராவின் மீன்களையே மிகுதியும் ஒத்திருந்தன. விலங்கியலாளர் மாக்ஸ் வெபரும் நிலவியலாளர் மோலன்கிராஃபும் 1919ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதற்கு விளக்கம் கண்டனர். பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது இரு தீவுகளுக்கும் இடையே நிலம் இருந்தது. இன்றைய நதிகள் அந்நிலத்தில் ஓடிய ஒரு பெருநதியின் கிளைகளாக இருந்தன. ஆனால் அவர்களால் மீன்களின் உருவத்தை மட்டுமே ஒப்பிட முடிந்தது. பிரிவு எப்போது நேர்ந்தது என்பதை உருவம் சொல்வதில்லை.

அக்கேள்விக்கும் விடை தேடிய ஆய்வுகளுள் நம்மைப் பெரிதும் கவர்வது நியூசிலாந்தின் தென்தீவில் நடந்தது. 1860களில் பொன் தேடுவோர் வந்து குவிந்த பள்ளத்தாக்கு ஒன்றில் நெவிஸ் என்னும் நதி ஓடுகிறது. இன்று அது வடக்கு நோக்கிச் சென்று கவராவ் நதியில் கலந்து, அதன்வழி குளூத்தா என்னும் பெருநதியை அடைகிறது. ஆனால் அப்பள்ளத்தாக்கின் பழைய படிவுகளை ஆராய்ந்த நிலவியலாளர்கள், அது முன்னர் தெற்கே சவுத்லாந்துச் சமவெளியை நோக்கி ஓடியது என்றும், நிலம் உயர்ந்ததால் ஓட்டம் திரும்பியது என்றும் கருதினர்.

இதைச் சோதிக்க ஒரு மீன் கிடைத்தது. கலாக்சியாஸ் என்னும் செதிலற்ற சிறு மீன்களின் பேரினத்தில் சில வகைகள் குஞ்சுப் பருவத்தைக் கடலில் கழிப்பவை. கடல்வழியே நதிவிட்டு நதி மாறக்கூடியவை என்பதால் அவற்றின் சாட்சியம் இங்கே பயன்படாது. வேறு சில வகைகளோ கடலை முற்றிலும் கைவிட்டு நதிக்குள் அடைபட்டவை. அவற்றுள் ஒன்றுக்கு 1999இல் மெக்டவலும் சாடர்டனும் கலாக்சியாஸ் கோல்லுமாய்டஸ் என்று பெயரிட்டனர். டோல்கீனின் கதைகளில் இருண்ட நீரருகே வாழும் பெருங்கண் கொண்ட கோல்லும் என்னும் பாத்திரத்தின் பெயரே அது. இலக்கிய வாசகர்களான நமக்கு இது ஒரு சிறு மகிழ்ச்சி.

2001இல் வாட்டர்ஸ், கிரா, யங்சன், வாலிஸ் ஆகியோர் தம் ஆய்வை 'எவல்யூஷன்' இதழில் வெளியிட்டனர். தாய்வழி மட்டுமே கடத்தப்படும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவை அவர்கள் ஒப்பிட்டிருந்தனர். நெவிஸ் மீன்கள், இன்று அந்நதி சேரும் குளூத்தாவின் பிற மீன்களோடு சேரவில்லை. மேட்டுக்கு அப்பால் தெற்கே உள்ள சவுத்லாந்து மீன்களே அவற்றின் நெருங்கிய உறவினர். நதி திசையை மாற்றிக்கொண்டது. மீன் வம்சத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

யாரேனும் மீன்களை மேட்டைக் கடந்து கொண்டுவந்து விட்டிருக்கலாமே என்று நாம் ஐயுறலாம். அவ்வாறாயின் இரு கூட்டங்களின் மரபணுவும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கவேண்டும். நியூசிலாந்தில் மனிதர் குடியேறியே சுமார் 700 ஆண்டுகள்தான் ஆகின்றன. நெவிஸ் மீன்களுக்கும் சவுத்லாந்து மீன்களுக்கும் இடையிலான வேறுபாடோ சுமார் 3 லட்சம் முதல் 5 லட்சம் ஆண்டுப் பிரிவைச் சுட்டியது. நிலவியல் தந்த காலத்தோடும் அது முரண்படவில்லை.

எனினும் மரபணுக் கடிகாரத்தை அளவுக்கு மீறி நம்புதல் தகாது. நதிகள் பிரிந்த காலம் நிலவியலால் தெரிந்த இடங்களைக் கொண்டு அக்கடிகாரத்தையே சோதித்த ஓர் ஆய்வு 2008இல் வெளிவந்தது. அண்மையில் பிரிந்த கூட்டங்களில் மாற்றம் விரைவாகவும், தொலைவில் பிரிந்தவற்றில் மெதுவாகவும் நிகழ்ந்ததுபோல் தோன்றுவதை அது காட்டியது. ஒரே வேகத்தை எல்லாக் காலத்துக்கும் பொருத்தினால் கணக்குப் பிழைக்கும். யார் யாருக்கு உறவு என்பதை மீன் உறுதியாகச் சொல்கிறது. எப்போது பிரிந்தோம் என்பதைத் தயக்கத்தோடுதான் சொல்கிறது. கல்லும் மீனும் ஒன்றையொன்று திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இவை அறிஞர்களின் அறையோடு நின்றுவிடவில்லை. நெவிஸில் அணை கட்டி மின்சாரம் எடுக்கும் திட்டம் ஒன்று இருந்தது. கவராவ் நதிக்கான 1997ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஆணை அதற்கான வாயிலை முழுமையாக அடைக்கவில்லை. அதைத் திருத்தவேண்டும் என்ற நீண்ட வழக்காடலில், இயற்கைக் காட்சி, படகோட்டிகளின் உரிமை ஆகியவற்றோடு, வேறெங்கும் காணவியலாத இம்மீனின் வம்சமும் முன்வைக்கப்பட்டது. நெவிஸில் அணை கட்டுவதைத் தடுக்கும் திருத்தம் 2013இல் வந்தது.

மீனுக்கு ஆபத்து நீங்கிவிடவில்லை. 1860களில் ஐரோப்பியர் கொண்டுவந்த டிரவுட் மீன்கள் இச்சிறு மீன்களைத் தின்கின்றன. அவை சேரமுடியாத ஓடைகளிலேயே இவை பெரிதும் தப்பியிருக்கின்றன. ஒரு சுவடி அழிந்தால் வேறெங்கேனும் படி இருக்குமா என்று தேடலாம். நெவிஸின் பழைய வழியை உடலில் சுமக்கும் மீன்களுக்கு வேறெங்கும் படி இல்லை. நதி வரலாற்றில் ஆர்வம் கொண்ட நாம் கல்வெட்டுக்கும் சுவடிக்கும் காட்டும் அக்கறையை ஓடை மீன்களுக்கும் காட்டவேண்டியிருப்பது இதனால்தான்.