நாற்பது அடிக்கு ஒரு குடம்

போன மாதம் அண்ணன் பேரன் ஆக்லாந்திலிருந்து பேசினான். நண்பனோடு சேர்ந்து பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கியிருக்கிறானாம். உள்ளே சின்னதாக ஓர் அடுப்படி, பாத்திரம் கழுவ ஒரு சிங்க், அடியில் அறுபது லிட்டர் நல்ல தண்ணீர் பிடிக்கிற டேங்க். "சின்னத் தாத்தா, சிங்குக்குத் தண்ணி ஏத்த பேட்டரி மோட்டார் வைக்கவா, காலால் மிதிக்கிற பம்பு வைக்கவா?" என்று கேட்டான்.

நான் கடலைப் பார்த்ததே ராமேசுவரம் போனபோதுதான். ஆனாலும் திண்டுக்கல்காரனிடம் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

நம் மலைக்கோட்டையைப் பார்த்தாலே தெரியும், ஊருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று. பாறை. எங்கள் வீட்டுக் கிணற்றில் முதலில் ராட்டினமும் கயிறும்தான். அப்புறம் வார்ப்பிரும்பு அடிபம்பு வந்தது. காலையில் ஒரு செம்பு தண்ணீரை மேலே ஊற்றி, காய்ந்து போன தோல் வாசரை நனைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். அந்த பம்பு தண்ணீரை மேலிருந்து உறிஞ்சுவது. காற்றின் அழுத்தத்தை நம்பி வேலை செய்வதால் கணக்குப்படி பத்து மீட்டர், நடைமுறையில் ஏழு மீட்டர் ஆழம்தான் அதற்கு எல்லை. சித்திரை, வைகாசியில் கிணற்றில் தண்ணீர் அதற்கும் கீழே இறங்கிவிடும். அடித்தால் காற்றுதான் வரும். அம்மா மறுபடியும் கயிற்றை எடுப்பார்.

இதே சிக்கல் நாடு முழுக்க இருந்தது. 1967 பீகார் பஞ்சத்தின்போது யூனிசெஃப் துளைபோடும் இயந்திரங்களைக் கொண்டுவந்தது. பாறையைத் துளைத்துத் தண்ணீரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மேலே வைத்த பம்புதான் தாங்கவில்லை. வெளிநாட்டில் ஒரு குடும்பம் புழங்குவதற்குச் செய்த மாதிரியை, ஊரே விடியலிலிருந்து இருட்டும்வரை அடித்தால் என்ன ஆகும்? 1970களின் நடுவில் எடுத்த கணக்கில், முக்கால்வாசி பம்புகள் ஓடவில்லை என்று தெரிந்தது.

வழி காட்டியது மகாராஷ்டிரம். ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் கிறிஸ்தவ மிஷன்களைச் சேர்ந்தவர்கள், வார்ப்பிரும்பை விட்டுவிட்டு எஃகில் பம்பு செய்துகொண்டிருந்தார்கள். சோலாப்பூர் பம்பில் கைப்பிடியின் தலையில் ஒரு சங்கிலி. கம்பி நேராக ஏறி இறங்கும், தேய்மானம் குறைவு. அதை அடிப்படையாக வைத்து மத்திய அரசும் யூனிசெஃபும் சேர்ந்து உருவாக்கியதுதான் 'இந்தியா மார்க் 2'. சோதித்துப் பார்த்தது நம் பக்கத்துக் கோயம்புத்தூர்ச் சீமையில். தண்ணீர் ஆழத்தில் கிடக்கும், கூட்டமும் அதிகம்; அங்கே தாங்கினால் எங்கும் தாங்கும் என்ற கணக்கு. முதலில் பெருமளவில் தயாரித்தது சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்டு க்ரூடாஸ். இதில் உருளை கீழே தண்ணீருக்குள்ளேயே இருக்கும். உறிஞ்சாமல் மேலே தூக்கிவிடும் என்பதால் நூற்றைம்பது அடி ஆழத்திலிருந்தும் தண்ணீர் வரும். பிறகு ஆப்பிரிக்கா வரை போனது இந்த பம்பு.

அதிலும் ஒரு குறை. வாசர் தேய்ந்தால் மொத்தக் குழாயையும் கழற்றி வெளியே எடுக்க வேண்டும். வண்டியும் ஆட்களும் வரும்வரை ஊர் காத்திருக்கும். 1980களில் மறுபடியும் கோயம்புத்தூர்ப் பக்கமே சோதித்து, மார்க் 3 செய்தார்கள். குழாயை அகலமாக்கி, அதற்குள்ளேயே பிஸ்டனை மேலே இழுத்துவிடும்படி வைத்தார்கள். இரண்டு பேர் போதும்.

மார்க் 2 பம்பை நாற்பது தடவை அடித்தால் பதினைந்து லிட்டர் வர வேண்டும் என்பது அளவு. ஏறக்குறைய ஒரு குடம். எங்கள் தெருமுனைக்கு அந்த பம்பு வந்தபோது அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல். தினம் பத்துக் குடம் என்றால் நானூறு அடி. அந்தப் பத்துக் குடத்தில் ஏழு பேர் சமைத்து, குடித்து, பாத்திரம் கழுவினோம். அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக்கு, பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கு. ஒரு சொட்டு வீணாகாது. அடித்தவருக்கல்லவா அதன் விலை தெரியும்?

அம்மாவுக்குத் தோள்பட்டை விட்டுப்போனது. 1989இல் கடன் வாங்கி வீட்டில் போர் போட்டு மோட்டார் வைத்தேன். சுவிட்சைத் தட்டியதும் தண்ணீர் கொட்டியது. அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக நான் செய்தது சரிதான் என்று இன்றும் சொல்வேன். ஆனால் அதே வருடத்தில் எங்கள் வீட்டில் தண்ணீர்ச் செலவு எத்தனை மடங்கானது என்று யாரும் எண்ணவில்லை. தெருவில் எல்லோரும் போர் போட்டோம். நூற்றைம்பது அடியில் இருந்த தண்ணீர் முந்நூறுக்குப் போனது, பிறகு அறுநூறுக்கு. இப்போது ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீருக்கும் காவிரித் தண்ணீருக்கும் குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

பேரனிடம் மூன்று கேள்வி கேட்டேன். "நடுக்கடலில் பம்பு கெட்டால் நீயே பிரித்து வாசர் மாற்ற முடியுமா? பேட்டரி தீர்ந்தால் குடிக்க என்ன செய்வாய்? எங்கேயோ இணைப்பு ஒழுகி, நீ தூங்கும்போது மோட்டார் தானாக ஓடி அறுபது லிட்டரையும் படகின் அடியில் கொட்டினால்?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்போ கால் பம்புதான்" என்றான்.

"ஆமாம். கையும் சும்மா இருக்கும், பாத்திரம் கழுவலாம். மிதித்தால்தான் தண்ணீர் வரும், காலை எடுத்தால் நின்றுவிடும். அறுபது லிட்டர் பத்து நாளைக்கு வரும்."

"அப்பாயி மாதிரி" என்றான். அவன் அம்மாவைப் பார்த்ததில்லை. அவன் அப்பா சொல்லியிருப்பான் போல.

போனை வைத்த பிறகு கொல்லைக்குப் போனேன். பழைய வார்ப்பிரும்பு பம்பு இன்னும் கிணற்று மேட்டில்தான் நிற்கிறது. கைப்பிடியைத் தூக்கி ஒருமுறை அடித்தேன். காற்று வந்தது.