ஆறு தீப்பிடித்த நகரம்: கிளீவ்லாந்தும் குயஹோகா ஆறும்

தண்ணீர் எரியுமா? எரியாது. ஆனால் தண்ணீரின் மேல் மிதப்பது எரியும். அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் உள்ள கிளீவ்லாந்து நகரின் நடுவே ஓடி ஈரி ஏரியில் கலக்கும் குயஹோகா ஆறு, ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, நூறு ஆண்டுகளில் பத்துத் தடவைக்குக் குறையாமல் தீப்பிடித்திருக்கிறது. அதில் கடைசித் தீ 1969-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் தேதி எரிந்தது.

இந்தக் கடைசித் தீயைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் கதை இதுதான்: ஆறு எரிந்தது, மக்கள் விழித்துக்கொண்டார்கள், அரசு சட்டம் போட்டது, ஆறு பிழைத்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடந்தது அப்படி அல்ல. தீ பிடிப்பதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பே அந்த நகர மக்கள் ஆற்றைக் காப்பாற்ற வாக்களித்துவிட்டார்கள். அப்படியிருந்தும் ஒரு மாநகராட்சியால் தன் ஆற்றைத் தானே காப்பாற்ற முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதுதான் இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய விஷயம்.

ஆறு கொடுத்த வாழ்வு

கிளீவ்லாந்தை வளர்த்தது ஆறும் ஏரியும்தான். இரும்புத் தாது ஏரி வழியாகக் கப்பலில் வந்தது. நிலக்கரி ரயிலில் வந்தது. இரண்டும் சேரும் இடத்தில் இரும்பாலைகள் எழுந்தன. ராக்பெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி 1870-ல் இந்த ஊரில்தான் தொடங்கப்பட்டது. பெயிண்ட் ஆலைகள், ரசாயன ஆலைகள், ஆற்றின் மேல்பகுதியில் ஆக்ரன் நகரின் டயர் ஆலைகள் என்று கரை நெடுகத் தொழில்கள் பெருகின. எல்லாவற்றின் கழிவும் ஆற்றில்தான் விழுந்தது. நகரத்தின் சாக்கடையும் அதே ஆற்றில்தான் கலந்தது.

1881-லேயே கிளீவ்லாந்து மேயர் ஹெரிக் இந்த ஆற்றை நகர நடுவில் ஓடும் திறந்த சாக்கடை என்று குறிப்பிட்டார். அதற்கு நகரம் கண்ட தீர்வு என்ன? ஆற்றைச் சுத்தம் செய்யவில்லை. குடிநீர் எடுக்கும் குழாயை ஏரிக்குள் இன்னும் தூரமாகக் கொண்டுபோய் வைத்தார்கள்!

1912-ல் ஆற்றில் பிடித்த தீயில் ஐந்து பேர் இறந்தார்கள். 1952-ல் பிடித்த தீ கரையிலிருந்த கப்பல் பழுதுபார்க்கும் தளத்துக்குப் பெருஞ்சேதம் விளைவித்தது. ஒவ்வொரு தீக்குப் பிறகும் பேசப்பட்டது ஆற்றைப் பற்றி அல்ல. சொத்துச் சேதத்தைப் பற்றியும் தீயணைப்பு வசதியைப் பற்றியும்தான். ஆலைப் புகையும் கறுப்புத் தண்ணீரும் ஊரில் வேலை இருக்கிறது என்பதற்கு அடையாளமாகத்தான் பார்க்கப்பட்டன.

வேலையா, ஆறா?

1960-களில் இந்தக் கேள்வி மாநகராட்சிக்கு உள்ளேயே வந்துவிட்டது. ஒரு பக்கம் ஏரிக் கடற்கரையில் குளிக்க முடியாத நிலை. ஆற்றின் கீழ்ப்பகுதியில் மீன் மட்டுமல்ல, சேற்றுப் புழுக்கள்கூட வாழவில்லை. இன்னொரு பக்கம் நகரத்துக்கு வரி கொடுப்பவையும் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கூலி கொடுப்பவையும் அதே ஆலைகள். கெடுபிடி செய்தால் ஆலைகள் வேறு ஊருக்குப் போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

அந்தப் பயம் வெறும் கற்பனையும் அல்ல. 1950-ல் 9,14,808 ஆக இருந்த நகர மக்கள்தொகை 1960-ல் 8,76,050 ஆகக் குறைந்திருந்தது. வசதியுள்ளவர்கள் புறநகருக்குக் குடிபோனார்கள். நகருக்குள் மிஞ்சியவர்களில் ஏழைகள் அதிகம், அவர்களில் கறுப்பின மக்கள் அதிகம். 1966-ல் ஹஃப் பகுதியில் பெரும் கலவரமே நடந்தது.

இந்தச் சூழலில்தான் 1967 நவம்பரில் கார்ல் ஸ்டோக்ஸ் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமெரிக்காவின் பெருநகரம் ஒன்றுக்கு மேயரான முதல் கறுப்பினத்தவர் அவர். அரசு கட்டிக்கொடுத்த குடியிருப்பில் வளர்ந்தவர். அவருக்கு ஆறு என்பது அழகு பார்க்கும் விஷயம் அல்ல. ஏழைகளின் வீடு, உணவு, உடை இவற்றுக்கான பணத்தை எடுத்துக் காற்றுக்கும் நீருக்கும் செலவழித்துவிடக்கூடாது என்று 1970-ல் முதல் புவி நாள் கொண்டாடப்பட்டபோதுகூட அவர் எச்சரித்தார். ஆனால் அழுக்கு ஆற்றின் பக்கத்தில் வசிப்பவர்களும் ஏழைகள்தான் என்பது அவருக்குத் தெரியும். அதனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவர் மறுத்தார்.

1968 வாக்கெடுப்பு

1968 நவம்பரில் அவருடைய நிர்வாகம் மக்களிடம் ஒரு கேள்வி வைத்தது. சாக்கடைக் குழாய்களைச் சீரமைக்கவும் சுத்திகரிப்பு நிலையங்களைப் பெரிதாக்கவும் பத்துக் கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிடலாமா? கடனைச் சுமக்கப் போவது நகர மக்கள். பணக்கார நகரமும் அல்ல. ஆனாலும் பெருவாரியான மக்கள் சம்மதம் என்று வாக்களித்தார்கள். அன்றைய மதிப்பில் அது மிகப் பெரிய தொகை.

ஆனால் பணம் கிடைத்தும் கை கட்டப்பட்டிருந்தது. மாநகராட்சி தன் சாக்கடையைச் சரிசெய்யலாம். ஆலைகளை என்ன செய்வது? ஆற்றில் கழிவு விடுவதற்கு உரிமம் கொடுக்கும் அதிகாரம் மாநில அரசின் வாரியத்திடம் இருந்தது. மாநில உரிமம் வைத்திருக்கும் ஆலையின் மேல் நகரம் கை வைக்க முடியாது. ஆற்றுக்கு நகர எல்லை தெரியாது. புறநகர்ச் சாக்கடையும் ஆக்ரனின் கழிவும் எல்லை தாண்டி வந்துகொண்டே இருந்தன.

அரை மணி நேரத் தீ

1969 ஜூன் 22 ஞாயிற்றுக்கிழமை. ஓடும் ரயிலிலிருந்து விழுந்த தீப்பொறி ஆற்றின் எண்ணெய்ப் படலத்தைப் பற்ற வைத்தது என்று கருதப்படுகிறது. மரத்தால் ஆன ரயில் பாலங்கள் இரண்டு சேதமாயின. தீயை அரை மணி நேரத்துக்குள் அணைத்துவிட்டார்கள். சேதம் சுமார் 50,000 டாலர். உயிர்ச்சேதம் இல்லை. எரியும் ஆற்றைப் படம் பிடிக்கக்கூட யாருக்கும் நேரம் இருக்கவில்லை. உள்ளூர்க்காரர்களுக்கு இது புதிய செய்தியும் அல்ல.

ஆனால் ஸ்டோக்ஸ் விடவில்லை. மறுநாளே பத்திரிகையாளர்களை அழைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனார். எந்தெந்த இடத்தில் என்ன கழிவு விழுகிறது என்று காட்டினார். தன் மாநகராட்சியின் கழிவுநீர் ஆற்றில் கொட்டும் இடத்தையும் மறைக்கவில்லை. உரிமம் கொடுப்பது மாநிலம், பழி மட்டும் நகரத்துக்கா என்பதே அவருடைய வாதம்.

ஆகஸ்ட் 1 தேதியிட்ட "டைம்" இதழ் இந்த ஆற்றைப் பற்றி எழுதியது. 1969 தீயின் படம் கிடைக்காததால் 1952 தீயின் படத்தைப் போட்டார்கள். அந்த இதழின் அட்டையில் எட்வர்ட் கென்னடி விவகாரம். அதை வாங்கிய லட்சக்கணக்கானவர்கள் எரியும் ஆற்றையும் பார்த்தார்கள். பதினேழு வருடப் பழைய படம் ஒன்று நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது!

எல்லை தாண்டிய சட்டம்

கார்ல் ஸ்டோக்ஸும், நாடாளுமன்ற உறுப்பினரான அவருடைய அண்ணன் லூயிஸ் ஸ்டோக்ஸும் வாஷிங்டனில் நகரங்களுக்காகப் பேசினார்கள். 1970 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் செயல்படத் தொடங்கியது. 1972 அக்டோபரில் தூய நீர்ச் சட்டம் வந்தது. செலவு அதிகம் என்று ஜனாதிபதி நிக்சன் அதை நிராகரித்தார். நாடாளுமன்றம் அவரை மீறி நிறைவேற்றியது. அதே ஆண்டில் நீதிமன்ற உத்தரவின்படி கிளீவ்லாந்துக்கும் புறநகர்களுக்கும் சேர்த்து ஒரே கழிவுநீர் வாரியம் உருவானது.

இந்தச் சட்டத்தின் முக்கியத்துவம் இதுதான். ஒரு நகரம் மட்டும் கண்டிப்பு காட்டினால் ஆலை பக்கத்து மாநிலத்துக்குப் போகலாம். நாடு முழுவதும் ஒரே விதி என்றால் எங்கே போகும்? "போய்விடுவோம்" என்ற மிரட்டலின் பலம் அன்றே பாதியாகக் குறைந்துவிட்டது. சுத்திகரிப்பு நிலையங்கள் கட்ட மத்திய அரசின் பணமும் வந்தது.

யார் போனார்கள், யார் இருந்தார்கள்?

வேலைகள் என்ன ஆயின? போகத்தான் செய்தன. 1980-ல் மக்கள்தொகை 5,73,822 ஆகச் சுருங்கியது. 1978 டிசம்பரில் நகரம் வங்கிக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் நின்றது. ஆனால் ஆற்றைச் சுத்தம் செய்ததால் இது நடக்கவில்லை. இந்தச் சரிவு, ஆறு மிக அழுக்காக இருந்த 1950-களிலேயே தொடங்கிவிட்டது. பழைய இயந்திரங்கள், வெளிநாட்டு எஃகின் போட்டி, நெடுஞ்சாலை போட்டதும் புறநகருக்குப் போன மக்கள் ஆகியவையே பெரிய காரணங்கள். ஆற்றைப் பலி கொடுத்து வாங்கிய வேலையும் நிலைக்கவில்லை.

இன்று அந்த ஆற்றில் அறுபதுக்கும் மேற்பட்ட மீன் வகைகள் வாழ்கின்றன. 2019-ல், அதாவது கடைசித் தீயின் ஐம்பதாம் ஆண்டில், அந்த ஆற்று மீனைச் சாப்பிடுவதற்கு இருந்த தனிக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. வேலை முடிந்துவிடவில்லை. மழைக்காலத்தில் சாக்கடை நிரம்பி ஆற்றில் கலப்பதைத் தடுக்க, சுமார் 300 கோடி டாலர் செலவில் நிலத்தடிச் சுரங்கங்கள் கட்டும் 25 ஆண்டுத் திட்டம் 2011 நீதிமன்ற ஒப்பந்தத்தின்படி நடந்து வருகிறது. அன்று எளிதாக விட்டதை இன்று எடுக்க இவ்வளவு செலவு!

கடைசியாக ஒன்று. குயஹோகா கரையில் இன்றும் ஒரு பெரிய எஃகு ஆலை ஓடுகிறது. எஃகு உருகுகிறது, கப்பல் வருகிறது, ஆறு எரியவில்லை. வேலையா ஆறா என்று நூறு வருடம் கேட்ட கேள்விக்கு அந்தக் கரையே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.