சுருளும் ஆளியும்



வெற்றிடமுள்ள மரக்கூட்டினால் தந்தியின் ஓசையைப் பெருக்குவது நம் முன்னோர் நன்கறிந்த கலை. யாழும் வீணையும் அவ்வழி வந்தவை. ஆயின், மின் கிற்றார் என்று வழங்கும் கருவியிற் பெரும்பாலும் அத்தகைய கூடு இல்லை. அதன் உடல் வெறும் பலகையே. அப்பலகையிலிருந்து எழும் ஓசை அடுத்த அறைக்கும் எட்டாது. அவ்வாறாயின், பெரிய மண்டபங்களை அது நிறைப்பது எங்ஙனம்? ஒருநாள் அது ஊமையாகிவிட்டால் குறையை எவ்விடத்திற் தேடுவது? இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒரே வரலாற்றில் அடங்கியிருக்கின்றது. அதனைச் சிறிது எடுத்துரைக்க விழைகின்றேன்.

1831ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். கம்பிச் சுருளின் அருகே காந்தத்தை அசைத்தால் கல்வனோமானியின் முள் அசைவதை எந்தப் பாடசாலையின் விஞ்ஞானக்கூடத்திலும் காணலாம். மின் கிற்றாரின் அடிப்படையும் இதுவே. இங்கே காந்தமும் சுருளும் அசையாது நிற்கின்றன. அவற்றின் மேல் உருக்குத் தந்தி அதிர்கின்றது. அதிரும் தந்தி காந்தப் புலத்தைக் குலைக்க, சுருளில் நுண்ணிய மின் பிறக்கின்றது. இவ்வமைப்பையே ‘பிக்கப்’ என்பர். நைலோன் தந்தி பூட்டினால் இது பேசாது. உருக்குப் போன்ற காந்த உலோகங்களையே அது அறியும்.

இதனைப் பயன்படும் கருவியாக்கியவர் ஜோர்ஜ் போஷாம் என்னும் அமெரிக்க இசைஞர். எக்காளங்களும் முரசுகளும் முழங்கும் வாத்தியக் குழுக்களின் நடுவே கிற்றாரின் குரல் அமுங்கிப்போவது அவர் காலத்து இசைஞரின் பெருங்குறை. அவர் குதிரைலாடக் காந்தங்களுக்கிடையே சுருளை அமைத்து, 1931இல் மரத்தாலான மாதிரியொன்றைச் செய்வித்தார். அடுத்த ஆண்டில் அடோல்ப் றிக்கென்பாக்கருடன் கூடி, அலுமினியத்தால் வார்த்த கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தார். வடிவம் நோக்கி மக்கள் அதனைப் ‘பொரிச்சட்டி’ என்றனர். 1934இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1937இலேதான் கிட்டியது. அதற்குள் கிப்சன் நிறுவனம் 1936இல் தன் மின் கிற்றாரை வெளியிட்டுவிட்டது. அக்கருவியைக் கையேந்திய சார்லி கிறிஸ்டியன், 1939இல் பெனி குட்மனின் குழுவிற் சேர்ந்தார். பின்னணியில் நின்ற கிற்றாரை முன்வரிசைக்குக் கொணர்ந்த அவ்விளைஞர், 1942இல் தம் இருபத்தைந்தாம் வயதிலேயே மறைந்தார்.

பின்னர் வந்தவர் லியோ ஃபென்டர். கலிபோர்னியாவில் ஃபுலர்ட்டன் என்னும் ஊரில் வானொலிப் பெட்டிகளைத் திருத்திக்கொடுக்கும் கடை நடத்தியவர் அவர். கிற்றார் வாசிக்க அவர் ஒருபோதும் கற்றவரல்லர் என்பது வியப்புக்குரியது. ஆயினும், பழுதுபார்ப்பவனின் கண் அவருக்கு இருந்தது. 1950இல் வெளிவந்து, அடுத்த ஆண்டில் ரெலிகாஸ்டர் என்று பெயர் மாறிய கருவியில், ஆளியும் குமிழ்களும் ஒரே உலோகத் தகட்டிற் பொருத்தப்பட்டிருந்தன. சில திருகாணிகளைக் கழற்றினால் அவையெல்லாம் கைக்கு வந்துவிடும். 1954இல் வந்த ஸ்ராற்றோகாஸ்டரில் மூன்று பிக்கப்புகளும் ஆளியும் ஒரே முகத்தகட்டில் தொங்கின. திருத்துவோனுக்கு வழிவிட்டே அவர் கருவியைப் படைத்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

அந்த ஸ்ராற்றோகாஸ்டரின் ஆளிக்கு மூன்று நிலைகளே இருந்தன. ஒரு வேளையில் ஒரு பிக்கப்பே பேசும் என்பது கருத்து. ஆனால், வாசிப்போர் ஆளியை இரு நிலைகளுக்கு இடையே தந்திரமாக நிறுத்தினர். அப்போது இரு பிக்கப்புகள் ஒருங்கே இணைந்து, முன் கேளாத இனியதொரு குரல் பிறந்தது. அமைத்தவர் எண்ணாத அவ்விடைநிலைகளை நிறுவனமும் ஈற்றில் ஏற்று, 1977இல் ஐந்து நிலை ஆளியைப் பொருத்தலாயிற்று.

இனி, இரைச்சலின் கதைக்கு வருவோம். சுருளுக்குப் பகுத்தறிவு இல்லை. தந்தியின் அதிர்வை ஏற்பது போலவே, சுவரிலுள்ள மின்கம்பிகளின் காந்தத் துடிப்பையும் அது ஏற்றுக்கொள்ளும். அமெரிக்காவில் அத்துடிப்பு வினாடிக்கு 60, இலங்கையில் 50. அதுவே ‘உம்’ என்னும் ஓயாத முணுமுணுப்பு. இதனை வென்றவர் கிப்சன் நிறுவனத்துப் பொறியியலாளர் செத் லவர். 1955இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1959இற் கிடைத்தது. அவர் இரு சுருள்களை அருகருகே வைத்தார். ஒன்றில் காந்தத்தின் வடமுனை தந்தியை நோக்க, மற்றதில் தென்முனை நோக்கியது. சுருள்களையும் எதிரெதிராக இணைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒன்றாகவே விழுவதால், எதிரிணைப்பில் ஒன்றையொன்று அழிக்கின்றது. தந்தியின் ஓசையோ காந்தத்தால் ஒருமுறையும் இணைப்பால் ஒருமுறையும் தலைகீழாகின்றது. இருமுறை தலைகீழானது நேராகுமன்றோ? ஆகவே அது கூடி வலுப்பெறுகின்றது.

இரண்டில் ஒன்று மட்டும் தலைகீழானால் என்னாகும்? இங்கிலாந்தின் பீற்றர் கிறீன் வாசித்த 1959ஆம் ஆண்டு லெஸ் போல் கிற்றார் இதற்குச் சான்று. அதன் ஒரு பிக்கப்பிற் காந்தம் மற்றதற்கு மாறாகத் திரும்பியிருந்தது. தனித்தனியே இரண்டும் செவ்வனே ஒலித்தன. இரண்டும் சேர்ந்தபோது அடித்தொனிகள் ஒன்றையொன்று தின்று, மூக்கால் அழுவது போன்ற மெலிந்த குரல் எழுந்தது. குறையெனத் திருத்தப்பட வேண்டிய அக்குரலே அவருடைய அடையாளமாயிற்று. பிறயன் மே என்னும் மாணவரோ 1963இல் தம் தந்தையாருடன் வீட்டிலேயே ஒரு கிற்றார் செய்யத் தொடங்கினார். பழைய அடுப்புச் சட்டத்தின் மரம் அதன் கழுத்தாயிற்று. மூன்று பிக்கப்புகளுக்கும் தனித்தனியே இயக்க ஓர் ஆளியும், திசைமாற்ற ஓர் ஆளியுமாக ஆறு ஆளிகளை அமைத்தனர். ஒருவர் கருவியிற் பிறழ்வாக நேர்ந்தது, மற்றவர் கருவியில் விரும்பி வைத்த வசதியாயிற்று.

இவ்வரலாறு நமக்குப் பயன்படுமிடம் ஒன்றுண்டு. கிற்றார் ஊமையானதும் “பிக்கப் செத்துவிட்டது, புதிது வாங்குக” என்று சொல்லக் கேட்டு, வசதியற்ற இளைஞர் பெரும்பணம் செலவிடுகின்றனர். தீர்ப்புக்கு முன் விசாரணை வேண்டும். முதலில் இணைப்புக் கம்பியை மாற்றிப் பாருங்கள். குற்றவாளி பெரும்பாலும் அதுவே. அடுத்து, ஒலியைக் குறைத்து வைத்து, சிறு திருகாணிச் செலுத்தியின் நுனியால் ஒவ்வொரு பிக்கப்பையும் மெல்லத் தட்டி, ஆளியை நிலைக்கு நிலை மாற்றுங்கள். தட்டும் ஓசை கேட்குமிடத்துச் சுருள் உயிரோடிருக்கின்றது. ஆளியை அசைக்கும்போது கரகரப்பு எழுந்தால், அதன் தொடுமுனைகளில் அழுக்கு, துப்புரவாக்கினாற் போதும்.

ஓசை வராத நிலையில், இணைப்புக் கம்பியை ஒலிபெருக்கும் பெட்டியிலிருந்து கழற்றி, குமிழை முழுதும் திறந்து, கம்பியின் நுனியில் தடையை அளந்து பாருங்கள். ஒற்றைச் சுருளாயின் ஏறத்தாழ 5 முதல் 8 கிலோ ஓம் வரை காட்டுவது வழக்கம். இரட்டைச் சுருளில் அதனிற் சற்று மிகும். 250 அல்லது 500 கிலோ ஓம் காட்டினால், மானி குமிழை மட்டுமே காண்கின்றது. சுருளோ, அதிலிருந்து குமிழுக்கு வரும் வழியோ அறுந்துள்ளது. பூச்சியத்தை அண்மித்தால், எங்கோ கம்பி புவித்தொடுப்பைத் தீண்டுகின்றது. எதுவுமே காட்டாவிடின், பழுது குமிழுக்கு அப்பால் உள்ளது. தனித்தனியே நன்றாயிருந்து சேரும்போது மெலிந்தால், பீற்றர் கிறீனின் கதையை நினைவுகூருங்கள். தந்தியைத் தொட்டதும் இரைச்சல் தணிவது இயல்பு. தொட்டதும் மிகுமாயின் புவித்தொடுப்பை ஆராய்க. கிற்றாருக்குள் ஓடுவது மிகச் சிறிய மின். ஆனால், ஒலிபெருக்கும் பெட்டிக்குள் உயிரைக் கவரும் மின் தங்கியிருக்கலாம். அதனை அறிந்தோரன்றிப் பிறர் திறத்தல் கூடாது.

நேயர்களே, தலைமயிரளவு மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றி, அதற்கு ஓர் ஆளியும் ஒரு குமிழும் சேர்த்ததே இக்கருவியின் உள்ளுறுப்பு. அதில் மாயம் யாதுமில்லை. சங்கிலியிற் கண்ணிகள் சிலவே; ஒவ்வொன்றாகத் தொட்டுச் சென்றால் அறுந்த கண்ணி அகப்படும். வானொலி திருத்தியவரின் கைப்பட்ட கருவி, இன்றும் திருத்துவோரின் பொறுமைக்கே பணிகின்றது. பணப்பையைத் திறக்குமுன் பின்தகட்டைத் திறந்து பார்க்கும் பழக்கம், நம் இளைஞருக்கு வாய்க்கட்டும்.