126 விமானம் 36 ஆனது. மிச்சம் யாருக்குப் போனது?

மதுரையில் நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்துக்கு மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி பக்கமிருந்து கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள். அண்மையில் ஒருநாள் ரஃபேல் பற்றிப் பேச்சு வந்தது. "அண்ணே, ப்ளேன கொறச்சா அந்தக் காசு நம்ம ஸ்காலர்ஷிப்புக்கு வருமா?" என்று ஒரு மாணவி கேட்டார். உதவித்தொகை வந்து சேராத ஒரு பருவத்தில், கட்டணம் கட்டினால்தான் ஹால் டிக்கெட் என்று கல்லூரி சொல்லிவிட, அம்மாவின் தோட்டை அடகு வைத்துத் தேர்வு எழுதியவர் அவர். அந்தக் கேள்விக்கு நாங்கள் அன்று சொன்ன பதில் அரைகுறையானது. முழுப் பதிலை இங்கே எழுதுகிறோம்.

கேள்வி பழையது. 1951-இல் நேரு அமைச்சரவையிலிருந்து விலகிய அண்ணல் அம்பேத்கர், காரணங்களை விளக்கி அக்டோபரில் ஓர் அறிக்கை வெளியிட்டார். இந்து சட்ட மசோதாவுக்காக விலகினார் என்பதோடு நாம் பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறோம். அதே அறிக்கையில் பட்டியல் சாதியினர் புறக்கணிக்கப்படுவது பற்றிய கோபமும் இருக்கிறது, ராணுவச் செலவு பற்றிய கணக்கும் இருக்கிறது. ஆண்டு வருவாய் 350 கோடி ரூபாய். அதில் சுமார் 180 கோடி ராணுவத்துக்குப் போகிறது என்று அவர் சுட்டிக்காட்டினார். பாதிக்கும் மேல்!

அம்பேத்கர் படையே வேண்டாம் என்றவர் அல்லர். மகர் படைப்பிரிவு 1941-இல் மீண்டும் உருவாகப் பாடுபட்டவர். துணைக்கு நட்பு நாடுகள் இல்லாதபடி வெளியுறவுக் கொள்கை அமைந்ததால்தான் இவ்வளவு செலவு என்பது அவருடைய வாதம். அந்த வாதத்தை ஏற்கலாம், மறுக்கலாம். நமக்கு முக்கியம் வேறொன்று. ராணுவக் கணக்கைக் கேட்பது தேசத் துரோகம் அல்ல, குடிமகனின் வேலை என்பதை, அரசமைப்புச் சட்டத்தின் வரைவுக் குழுத் தலைவரே செய்து காட்டியிருக்கிறார்.

இனி ரஃபேலுக்கு வருவோம். 2007-இல் 126 போர் விமானங்கள் வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. 2012 ஜனவரியில் பிரான்சின் தசோ நிறுவனம் தேர்வானது. 18 விமானங்கள் தயார் நிலையில் வரும், 108 விமானங்களை பெங்களூரு எச்ஏஎல் கட்டும் என்பது திட்டம். 2015 ஏப்ரல் 10 அன்று பாரிசில் பிரதமர் மோடி 36 விமானங்களை நேரடியாக வாங்குவதாக அறிவித்தார். 126 என்பது கைவிடப்பட்டது. 2016 செப்டம்பர் 23 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. தொகை 787 கோடி யூரோ, அதாவது ஏறத்தாழ 59,000 கோடி ரூபாய்.

எண்ணிக்கை எழுபது சதவீதத்துக்கு மேல் குறைந்ததே, விலையும் அப்படிக் குறைந்ததா? இந்தியாவுக்கென்று செய்யப்படும் சிறப்பு மாற்றங்களின் வடிவமைப்புச் செலவு 126 விமானங்களுக்குப் பரவ வேண்டியது; 36-இன் தலையில் ஏறியதால் ஒவ்வொன்றின் விலையும் கூடியது என்று 2019 ஜனவரியில் 'தி இந்து'வில் என்.ராம் எழுதினார். அடுத்த மாதமே தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, ஒட்டுமொத்த விலை முந்தைய ஏலத்தைவிட 2.86 சதவீதம் குறைவு என்றது. விலை விவரங்கள் அந்த அறிக்கையில் மறைக்கப்பட்டே வெளிவந்தன. உச்ச நீதிமன்றத்துக்கும் மூடிய உறையில்தான் விலை போனது. விசாரணை கோரிய மனுக்களை 2018 டிசம்பரிலும், மறுஆய்வு மனுக்களை 2019 நவம்பரிலும் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

அந்தச் சண்டை முழுவதும் விலை கூடியதா, ஊழல் நடந்ததா என்பதைச் சுற்றியே நடந்தது. வாங்காமல் விட்ட 90 விமானங்களின் பணம் எங்கே போக வேண்டும் என்ற கேள்வி நம் காதில் விழவில்லை.

அதே ஆண்டுகளில் நம் பக்கம் என்ன நடந்தது? பட்டியல் சாதி மாணவர்களுக்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய உதவித்தொகை 1944-இல் தொடங்கியது. 2017-18 முதல் 2019-20 வரை இதற்கு ஒன்றிய அரசு தந்தது ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடி ரூபாய்தான் என்று அரசின் குறிப்பே சொல்கிறது. சுமையின் பெரும்பகுதி மாநிலங்கள் தலையில் விழுந்தது. தமிழ்நாடு நிலுவை கேட்டுக் கடிதம் மேல் கடிதம் எழுதியது. 2018-இல் வந்த ஒன்றிய அரசின் வழிகாட்டுதல், நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவர்களை வெளியே தள்ளியது.

59,000 கோடியை 36-ஆல் வகுத்தால் ஒன்றுக்கு ஏறத்தாழ 1,640 கோடி. ஆயுதம், உதிரிபாகம், பராமரிப்பு எல்லாம் சேர்ந்த தொகை இது என்பதையும் சொல்லிவிடுகிறோம். அப்படிப் பார்த்தாலும், இந்தியா முழுக்க உள்ள நம் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கு ஒன்றிய அரசு ஓராண்டில் தந்ததாக அந்தக் குறிப்பு சொல்லும் தொகை ஒரு விமானத்தின் பங்குக்குக்கூட வரவில்லை.

பல மாநிலங்களில் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, 2020 டிசம்பர் 23 அன்று ஒன்றிய அமைச்சரவை திட்டத்தைத் திருத்தியது. ஐந்தாண்டுகளில் நான்கு கோடி மாணவர்களுக்கு மொத்தம் 59,048 கோடி ரூபாய். ஒன்றிய அரசின் பங்கு 60 சதவீதம், 35,534 கோடி. 36 விமானங்களுக்கு ஆன தொகையும் நான்கு கோடிப் பிள்ளைகளின் ஐந்தாண்டுப் படிப்புக்கு ஆகும் தொகையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். விமானத் தொகையை ஒன்றிய அரசு தனியாகக் கட்டியது. படிப்புத் தொகையில் மட்டும் மாநிலங்களும் பங்கு போட வேண்டும்.

சரி, விமானத்தைக் குறைத்தால் பணம் தானாக வருமா? வராது. 1979-இல் தொடங்கிய சிறப்புக் கூறு திட்டப்படி, மக்கள்தொகை விகிதத்தில் நமக்கு நிதி ஒதுக்க வேண்டும். ஆனால் அது 'திட்டச் செலவு' என்ற கணக்கில் மட்டுமே. ராணுவச் செலவு 'திட்டம் சாராச் செலவு' என்பதால் அந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. 2017-18-இல் இந்தப் பிரிவினையே எடுக்கப்பட்ட பிறகும், விமானத்தில் மிச்சமாகும் ரூபாய் சேரிக்கு வருவதற்கு எந்த வழியும் போடப்படவில்லை. 2018 மார்ச் 14 அன்று மக்களவையில் ராணுவம், சமூக நீதி உட்பட எல்லாத் துறைகளின் மானியக் கோரிக்கைகளும் விவாதமின்றி அரை மணி நேரத்துக்குள் நிறைவேறின. பேசவே இடமில்லாத சபையில் நம் பங்கை யார் கேட்பது?

ராணுவத்தில் சிக்கனம் வந்தபோது அது யார் மேல் விழுந்தது என்பதையும் பாருங்கள். 2022 ஜூனில் அக்னிபத் வந்தது. நான்கு ஆண்டு வேலை, கால்வாசிப் பேருக்கே தொடர்ச்சி, மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. விடியற்காலையில் நம் ஊர் மைதானங்களில் ஓடிப் பழகும் பையன்களின் ஓய்வூதியம் வெட்டப்பட்டது. 2025 ஏப்ரலில் கடற்படைக்கு மேலும் 26 ரஃபேல் வாங்க, சுமார் 63,000 கோடிக்கு ஒப்பந்தம் போடப்பட்டது.

எனவே தங்கைக்கு எங்கள் பதில் இதுதான்: செலவைக் குறை என்று மட்டும் கேட்டால், அது ஏழைச் சிப்பாயிடம் குறையும், நம் உதவித்தொகையில் குறையும். எதில் குறைப்பது, மிச்சத்தை எதில் சேர்ப்பது என்று இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் 10ஏ என்றொரு பட்டியல் இருக்கிறது. பட்டியல் சாதியினருக்கு ஒவ்வொரு துறையும் ஒதுக்கியதாகச் சொல்லும் தொகை அதில் இருக்கும். வரும் பிப்ரவரியில் அதை ராணுவக் கொள்முதல் கணக்கோடு பக்கத்தில் வைத்து வாசிப்போம். அண்ணல் 1951-இல் இரண்டே எண்களை வைத்துக் கேட்டார். நம்மிடம் அதைவிட அதிக எண்கள் இருக்கின்றன.