அறுபது நாள் கெடு

மத்திகிரி என்றால் முன்பெல்லாம் பண்ணை மாடுகள்தாம் நினைவுக்கு வரும். அதற்கும் முன்னால் குதிரைகள். ராணுவத்துக்குக் குதிரை வளர்த்த அந்த ஊர் வழியாக இப்போது ஓசூர்த் தொழிற்சாலைகளின் ஷிப்டு பஸ்கள் ஓடுகின்றன. அங்கே ஒரு டீக்கடையில் ஒரு தொழிலாளி என்னைக் கேட்டார்: "ஏன் சார், ஸ்டிரைக் நோட்டீஸுக்கு ஆறு வாரக் கெடு போய் அறுபது நாள் ஆயிடுச்சாமே, நல்லதுதானே?"

நல்லதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை.

ஒரு காலத்தில் நம் தொழிலாளிக்கு ஒரு நாள் பாதுகாப்புக்கூடக் கிடையாது. 1918 ஏப்ரலில் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி. பி. வாடியா தலைவர், திரு. வி. க. துணைத் தலைவர். 1920-ல் ஆலைக் கதவை அடைத்த கம்பெனி, வாடியா முதலியோர் மீது ஹைகோர்ட்டில் வழக்கும் போட்டது. 'வேலைக்குப் போகாதே' என்று சொல்வது ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டுவதாம்! கோர்ட்டு தடையுத்தரவு போட்டது. வேடிக்கை என்னவென்றால், இதே காரியத்துக்கு இங்கிலாந்தில் 1906-லேயே சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது. கப்பலேறி வந்த துரைமார் அந்தச் சட்டத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள் போலும். வாடியா தொழிலாளர் இயக்கத்தை விட்டு விலகினால் வழக்கை வாபஸ் பெறுவதாக ராஜி ஏற்பட்டது. அவர் விலகினார்.

அந்த வழக்குத் தந்த அதிர்ச்சியில்தான் என். எம். ஜோஷி 1921-ல் டில்லிச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு பெற்ற சங்கத்தார் மீது அப்படி வழக்குப் போட முடியாது என்றாயிற்று.

1947-ம் வருஷச் சட்டம் நாள் கணக்கைக் கொண்டுவந்தது. ரயில், தபால் போன்ற பொதுப் பயன் சேவைகளில் நோட்டீஸ் கொடுத்துப் 14 நாள் பொறுக்க வேண்டும். ஆறு வாரத்துக்குள் இறங்க வேண்டும். சாதாரணத் தொழிற்சாலைக்கு இந்த நோட்டீஸ் கட்டாயமே இல்லை.

2020-ல் நிறைவேறி 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, கெடுவை 60 நாளாக நீட்டியது உண்மை. ஆனால் நோட்டீஸை எல்லாத் தொழிற்சாலைக்கும் கட்டாயமாக்கிவிட்டது. பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் லீவு போட்டாலும் அது ஸ்டிரைக்தான். சட்டவிரோத ஸ்டிரைக்குக்கு முன்பு 50 ரூபாய் வரை இருந்த அபராதம், இப்போது 1,000 முதல் 10,000 வரை. ஒரு மாத ஜெயில் அப்படியே இருக்கிறது.

இங்கிலாந்தில் நீட்டியது வேறு மாதிரி. முறைப்படி ஸ்டிரைக் செய்பவரை வேலைநீக்கம் செய்யக்கூடாத காலத்தை 2004-ம் வருஷச் சட்டம் எட்டு வாரத்திலிருந்து பன்னிரண்டாக்கியது. அது ஸ்டிரைக் தொடங்கிய பிறகு கிடைக்கும் கவசம். நமது அறுபது நாளோ தொடங்குவதற்கு முன் ஓடுகிற கெடு.

இதைச் சொன்னதும் அவர் விரலை மடக்கினார். "முதல் 14 நாள் கூடாது. அப்புறம், சார்?"

"சமரச அதிகாரி கூப்பிட்டால், பேச்சு நடக்கும் வரை கூடாது. முடிந்தும் ஏழு நாள் கூடாது. டிரிபியூனலுக்குப் போனால், விசாரணை முடிந்தும் அறுபது நாள் கூடாது."

அடுத்த கையின் விரல்களை மடக்கத் தொடங்கியபோது ஷிப்டு பஸ் வந்துவிட்டது. எண்ணிக்கொண்டே ஏறினார்.