பதிவேட்டில் இடம்பெறாத பிள்ளைகள்

கென்ய நாட்டின் தலைநகரான நைரோபியின் தென்மேற்குப் பகுதியில் கிபேரா என்னும் இடம் உள்ளது. ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய குடிசைப் பகுதிகளுள் ஒன்றாக அது இன்று அறியப்படுகின்றது. ஆனால் அதன் பெயரோ, நூபியர் மொழியில் 'காடு' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. மரங்கள் அடர்ந்திருந்த அந்நிலத்தில் முதலில் குடியேறி, அதற்குப் பெயரும் சூட்டிய மக்களின் பேரப்பிள்ளைகள், அந்நாட்டின் பதிவேட்டில் தங்கள் பெயரை எழுதிக்கொள்ளப் பல பத்தாண்டுகள் போராட நேர்ந்தது. அப்போராட்டம் 2011-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதற்கும் உரிய ஒரு தீர்ப்பாக மலர்ந்தது. மனித மாண்பில் நம்பிக்கையுள்ள ஒவ்வொருவரும் அறியவேண்டிய வரலாறு அது.

படைவீரரின் வழித்தோன்றல்கள்

நூபியர் என இன்று கென்யாவில் அழைக்கப்படுவோரின் முன்னோர் சூடான் நாட்டைச் சேர்ந்தவர்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்கு ஆப்பிரிக்காவில் தன் ஆட்சியை நிலைநாட்ட முயன்ற ஆங்கிலேய வல்லரசு அவர்களைப் படைவீரர்களாகச் சேர்த்துக்கொண்டது. 1902-இல் 'அரசரின் ஆப்பிரிக்கத் துப்பாக்கிப் படை' அமைக்கப்பட்டபோது அதன் முதுகெலும்பாய் விளங்கியவர்களுள் இவர்களும் அடங்குவர். இரு உலகப் போர்களிலும் இவர்கள் அந்நியக் கொடிக்காகக் குருதி சிந்தினர்.

பணி முடிந்த வீரர்களுக்கு ஊதியமாகக் கிடைத்தது கிபேராவில் வாழ இசைவு மட்டுமே. ஏறத்தாழ 4,200 ஏக்கர் பரப்புள்ள அந்நிலம் படைக்கான ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் நிலத்துக்கான உரிமைப் பத்திரம் எவருக்கும் வழங்கப்படவில்லை. தாயகம் திரும்பவேண்டும் என்று அவர்கள் விடுத்த கோரிக்கையும் ஏற்கப்படவில்லை. பயன்படும்வரை படைவீரர், பயன் தீர்ந்தபின் வந்தேறிகள்! பேரரசுகள் மனிதரை எண்ணும் கணக்கு பெரும்பாலும் இவ்வாறுதான் அமைந்திருக்கின்றது.

1963-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் கென்யா விடுதலை பெற்றது. கென்யாவில் பிறந்து, பெற்றோருள் ஒருவரேனும் அங்கேயே பிறந்திருந்தால், அவர் விடுதலை நாளன்றே குடிமகனாகிவிடுவார் என்பது புதிய அரசியல் சட்டத்தின் விதி. அவ்விதிப்படி நூபியருள் பெரும்பாலோர் குடிமக்களே. ஆனால் சட்டம் தாளில் ஒன்று சொல்ல, அலுவலகம் நடைமுறையில் வேறொன்று செய்தது. இனக்குழு ஒவ்வொன்றுக்கும் மூதாதையர் நிலம் ஒன்று உண்டு என்று கருதிய நாட்டில், நிலமற்ற நூபியர் அயலாராகவே பார்க்கப்பட்டனர்.

ஒரு தாள் இல்லாததால்

கென்யாவில் 18 வயது நிறைந்தவர் தேசிய அடையாள அட்டை பெறவேண்டும். வேலை, வங்கிக் கணக்கு, வாக்குரிமை, உயர்கல்வி ஆகிய எதுவும் அதன்றிக் கைகூடாது. ஏனைய இனத்தாருக்கு எளிதாகக் கிடைத்த அவ்வட்டையைப் பெற, நூபிய இளைஞர் தனியொரு விசாரணைக் குழுவின்முன் நிற்கவேண்டியிருந்தது. தாத்தா பாட்டியின் ஆவணங்களைக்கூட அக்குழு கேட்டது. குழு எப்போது கூடும், என்ன சொல்லும் என்பது எவருக்கும் தெரியாது. ஆகவே, தான் இந்நாட்டின் மகனா அன்றா என்பதை அறியாமலே ஒரு பிள்ளை தன் முதல் 18 ஆண்டுகளையும் கழிக்க நேர்ந்தது.

இச்சிக்கல் பிறப்பிலேயே தொடங்கிவிட்டது. பிறப்பைப் பதிவு செய்யவும் சான்றிதழ் வழங்கவும் அலுவலர் சிலர் மறுத்தனர். பதிவில்லாத பிள்ளை அரசின் கணக்கில் இல்லாத பிள்ளை. எந்த ஊரில் எத்தனை பள்ளிகள் வேண்டும், எத்தனை மருத்துவமனைகள் வேண்டும் என்று திட்டமிடும் அரசு, தன்னுடையவர் என்று ஏற்காத மக்களுக்கு எதைத் திட்டமிடும்? நூபியர் வாழ்ந்த பகுதிகளில் அரசுப் பள்ளிகள் குறைவாயின. மருத்துவ நிலையங்கள் குறைவாயின. நிலவுரிமை இல்லாத குடியிருப்பு என்பதால் பொதுப்பணிகளும் எட்டிப் பார்க்கவில்லை. கல்வி வேறு, மருத்துவம் வேறு, குடியுரிமை வேறு என்று நாம் தனித்தனியாகப் பிரித்து எண்ணுகின்றோம். கிபேராவின் பிள்ளைக்கோ இம்மூன்றும் ஒரே கதவின் மூன்று பூட்டுகளாயிருந்தன.

கண்டத்தின் கதவைத் தட்டியபோது

நூபியர் முதலில் தங்கள் நாட்டு நீதிமன்றத்தையே நாடினர். ஆனால் அங்கு வழக்கு நடைமுறைச் சிக்கல்களுள் அகப்பட்டு, ஆண்டுக்கணக்கில் விசாரணையின்றிக் கிடந்தது. அந்நிலையில்தான் அவர்கள் தங்கள் கண்டத்தின் கதவைத் தட்டினர்.

ஆப்பிரிக்க நாடுகள் 1981-இலேயே தங்களுக்கென மனித உரிமைச் சாசனம் ஒன்றை ஏற்றிருந்தன. ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் குழந்தை உரிமை உடன்படிக்கையை நிறைவேற்ற, அடுத்த ஆண்டே, 1990 ஜூலையில், ஆப்பிரிக்கக் குழந்தை உரிமை, நலச் சாசனம் பிறந்தது. 1999 நவம்பர் 29 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அதன் 6-ஆம் பிரிவு பெயரும் நாட்டுரிமையும் பற்றியது. 11-ஆம் பிரிவு கல்வி பற்றியது. 14-ஆம் பிரிவு உடல்நலம் பற்றியது. இச்சாசனத்தைக் காக்க 11 உறுப்பினர் கொண்ட வல்லுநர் குழுவொன்றும் நிறுவப்பட்டது. தனியொருவரோ, தொண்டு நிறுவனமோ ஒரு நாட்டின்மீது அக்குழுவிடம் முறையிடலாம். உலக அளவில் குழந்தை உரிமை உடன்படிக்கைக்கு இத்தகைய முறையீட்டு வழி 2014-இல்தான் நடைமுறைக்கு வந்தது என்பதை நோக்கும்போது, வறிய கண்டம் என்று நாம் இரங்கும் ஆப்பிரிக்கா இதில் உலகுக்கே முன்னோடியாய் நின்றது புலனாகும்.

காம்பியா நாட்டின் பாஞ்சுல் நகரில் 1998-இல் தொடங்கப்பட்ட 'ஆப்பிரிக்க மனித உரிமை, வளர்ச்சி நிறுவனம்', மற்றொரு சட்ட உதவி அமைப்புடன் சேர்ந்து, நூபியப் பிள்ளைகளின் பெயரால் 2009-இல் இவ்வல்லுநர் குழுவிடம் முறையிட்டது. 2011 மார்ச் 22 அன்று முடிவு அறிவிக்கப்பட்டது. முறையீட்டு வழியில் அக்குழு வழங்கிய முதல் முடிவு அதுவே.

உள்நாட்டு வழிகள் முற்றுப்பெற்ற பின்னரே வெளியே முறையிடலாம் என்பது பொது விதி. உள்நாட்டு வழக்கு முடியாத நிலையில் இம்முறையீட்டை ஏற்கலாமா என்னும் கேள்வி எழுந்தது. அதற்குக் குழு தந்த விடை நெஞ்சில் பதியத்தக்கது. குழந்தைப் பருவம் 18 ஆண்டுகளே கொண்டது. அதில் ஓராண்டு என்பது ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு. எனவே குழந்தையின் வழக்கு பெரியவர்களின் வழக்கைப்போல் காத்திருக்க இயலாது என்பதே அதன் கருத்து. தாமதமான நீதி ஒரு பெரியவரின் சொத்தைக் குறைக்கலாம். ஒரு பிள்ளைக்கோ அது பிள்ளைப் பருவத்தையே இல்லாததாக்கிவிடுகின்றது.

நாட்டுரிமைக்காக ஒரு பிள்ளை 18 வயதுவரை காத்திருக்கச் செய்வது அப்பிள்ளையின் நலனுக்கு நேர் எதிரானது என்றும், நூபியர்மட்டும் தனிச் சோதனைக்கு ஆளாவது பாகுபாடு என்றும் குழு கண்டது. அதோடு நில்லாமல், அந்த முதல் மறுப்பிலிருந்து கிளைத்த கல்விக் குறைவும் மருத்துவக் குறைவும் உரிமை மீறல்களே என்றும் கூறிற்று. பிறப்பிலேயே நாட்டுரிமை, பாகுபாடற்ற பிறப்புப் பதிவு, அம்மக்களைக் கலந்தாலோசித்து வகுக்கப்படும் கல்வி, உடல்நலத் திட்டங்கள் ஆகியவற்றைக் கென்ய அரசு செயல்படுத்தவேண்டும் என்றும், ஆறு மாதங்களில் அதுபற்றி அறிக்கை தரவேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

தீர்ப்புக்குப் பின்

இத்தகைய குழுக்களுக்குக் காவல்துறை இல்லை, சிறைச்சாலை இல்லை. அவற்றின் சொல்லுக்கு உள்ள வலிமையெல்லாம் அரசின் மனச்சான்றும் அண்டை நாடுகளின் பார்வையுமே. ஆகவே மாற்றம் மெல்லவே வந்தது. கென்யாவின் 2010-ஆம் ஆண்டு அரசியல் சட்டம், ஒவ்வொரு குழந்தைக்கும் பிறப்பிலிருந்தே பெயருக்கும் நாட்டுரிமைக்கும் உரிமை உண்டு என்று முன்னரே அறிவித்திருந்தது. கட்டாய இலவச அடிப்படைக் கல்வியையும் மருத்துவத்தையும் அதே பிரிவில் சேர்த்திருந்தது. 2017 ஜூனில், கிபேராவில் 288 ஏக்கர் நிலத்துக்கான உரிமைப் பத்திரத்தை அன்றைய குடியரசுத் தலைவர் உகுரு கென்யாட்டா நூபியச் சமூகத்திடம் வழங்கினார். 4,200 ஏக்கருக்கு 288 ஏக்கர்! ஆயினும் ஒரு நூற்றாண்டுக் காத்திருப்புக்குப்பின் கிடைத்த முதல் தாள் அது. 2020 ஜனவரியில், அரசின் புதிய எண்ணிம அடையாளத் திட்டத்தை எதிர்த்து நூபியர் உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில், உரிய சட்ட ஏற்பாடுகளின்றி அத்திட்டத்தைச் செயற்படுத்தலாகாது என்று நைரோபி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 பிப்ரவரியில், குடியரசுத் தலைவர் வில்லியம் ரூட்டோ எல்லைப்புற மாவட்டத்தாருக்கான தனி விசாரணை முறையை நீக்கும் அறிவிப்பில் கையெழுத்திட்டார். கதவு ஒரே நாளில் திறக்கவில்லை. பூட்டுகள் ஒவ்வொன்றாய் நெகிழ்கின்றன.

நற்செய்தியின் ஒளியில்

இவ்வரலாற்றை நம்பிக்கைக் கண்கொண்டு நோக்கினால் இரு உண்மைகள் தெளிவாகும்.

முதலாவது, தவறு செய்தவரைத் திருத்தும் முறை. தவறிழைத்த சகோதரரை முதலில் தனியே கண்டு பேசவேண்டும். கேளாவிடில் ஓரிருவருடன் செல்லவேண்டும். அப்போதும் கேளாவிடில் சபையிடம் கூறவேண்டும் என்னும் ஒழுங்கினை மத்தேயு நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் நமக்குக் கற்பிக்கின்றார். முதலில் உள்நாட்டு நீதிமன்றம், பின்னர் கண்டத்தின் குழு என்னும் ஏற்பாடு இதற்கு எவ்வளவு நெருக்கமானது! திருச்சபையின் சமூகப் படிப்பினையும் இதையே துணைமைக் கோட்பாடு என்கின்றது. சிறிய அமைப்பு செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது. ஆனால் சிறியது தவறும்போது பெரியது கைகட்டி நிற்கவும் கூடாது. 1963-இல் புனித இருபத்துமூன்றாம் யோவான் 'பாச்செம் இன் தெரிஸ்' என்னும் சுற்றுமடலில் இக்கோட்பாட்டை உலக நாடுகளின் உறவுக்கும் விரித்துரைத்தார். ஒருவர் ஒரு நாட்டின் குடிமகனாயிருப்பதால் மானிடக் குடும்பத்தின் உறுப்பினர் என்னும் நிலையை இழப்பதில்லை என்பதும் அம்மடலின் போதனை. அது வெளிவந்ததும் கென்யா விடுதலை பெற்றதும் ஒரே ஆண்டில் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இரண்டாவது, பெயரின் மாண்பு. பேரரசின் மக்கள்தொகைப் பதிவுக்காகப் பெற்றோர் பயணப்பட்ட வேளையில் பிறந்தவர் நம் ஆண்டவர். குழந்தையாய் அயல்நாட்டில் அடைக்கலம் புகுந்தவரும் அவரே. திரெந்து பொதுச்சங்கத்தின் காலமுதல் பங்குகளில் திருமுழுக்குப் பதிவேடு பேணப்பட்டு வருகின்றது. அதில் கூலியாளின் மகவும் செல்வரின் மகவும் அடுத்தடுத்த வரிகளில் இடம்பெறுகின்றன. நிலப்பத்திரம் இருக்கின்றதா என்று அங்கே எவரும் கேட்பதில்லை. நம் பதிவேட்டில் நாம் காட்டும் அச்சமத்துவத்தை நாட்டின் பதிவேட்டிலும் எதிர்பார்ப்பது நம் நம்பிக்கையின் கடமையன்றோ?

இங்கு ஒன்றை மறத்தலாகாது. நூபியர் பெரும்பாலும் இசுலாமியர். அவர்களுடைய பிள்ளைகளின் உரிமை நமக்கென்ன என்று கேட்போர் இருக்கலாம். அடிபட்டுக் கிடந்தவன் எச்சமயத்தான் என்று நல்ல சமாரியன் வினவவில்லை.

ஆசியாவுக்கு ஒரு கேள்வி

ஐரோப்பாவுக்கும் அமெரிக்கக் கண்டத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் மனித உரிமை நீதிமன்றங்கள் உண்டு. ஆசியாவுக்கு அத்தகைய பொது நீதிமன்றம் இன்றுவரை இல்லை. தெற்காசிய நாடுகள் 2002-இல் காத்மாண்டில் குழந்தை நலத்துக்கென ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஆயினும் உரிமை இழந்த பிள்ளை முறையிடுவதற்கு அதில் வழியில்லை. அதே ஆங்கிலேய வல்லரசு தேயிலைத் தோட்டங்களுக்கு அழைத்துச் சென்ற நம் மக்கள், 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோர் ஆயினர். எஞ்சியிருந்தோருக்கு முழுத் தீர்வு தரும் சட்டம் 2003-இல்தான் நிறைவேறியது. இடைப்பட்ட 55 ஆண்டுகளில் மலையகத்தில் பிறந்த பிள்ளைகள் தட்டுவதற்குக் கண்டத்தின் கதவு எதுவும் இருக்கவில்லை. ஒப்பந்தங்கள் அரசுகளுக்கிடையே எழுதப்பட்டன. பிள்ளைகளின் குரலை எவரும் கேட்கவில்லை.

பொதுநிலையினராகிய நீங்கள் சட்டம் இயற்றுவோர் அல்லர் என்று எண்ணலாம். ஆனால் நூபியரின் வழக்கைக் கட்டியெழுப்பியது, தாங்கள் பட்டதைச் சாட்சியாய்ச் சொல்ல முன்வந்த எளிய குடும்பங்களே. நம் பங்குகளிலும் செங்கற்சூளையிலும் கட்டுமானப் பணியிலும் ஊர்விட்டு ஊர் பெயரும் குடும்பங்கள் உள்ளன. அக்குடும்பங்களின் பிள்ளைகளுள் பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர் யார், தடுப்பூசி பெறாதவர் யார், பள்ளியில் சேராதவர் யார் என்று அன்பியக் கூட்டங்களில் கேட்டு, உரிய அலுவலகத்துக்கு உடன்செல்வது நம்மால் இயலாத செயலன்று. அதை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைப்போமாயின், அப்பிள்ளையின் வாழ்வில் நூற்றுக்கு ஆறு பங்கு கழிந்துபோயிருக்கும்.