சான்று காட்டி எழுதுவோம்
வட்டார வரலாறு எழுத விழையும் இளைஞர்க்கு

நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற செல்வம் பெரும்பாலும் நினைவுச் செல்வமே. இந்தக் கழனி நம்முடையதாயிருந்தது, இந்தக் கிணற்றில் நம்மை இறங்கவிடவில்லை, இந்த ஆலையில் நம் பாட்டனார் வேலை பார்த்தார் என்று மாதவரம் முதல் எண்ணூர் வரை நம் குடியிருப்புகள் தோறும் முதியோர் சொல்லக் கேட்கிறோம். அவை மெய்யான செய்திகள். ஆயினும் சொன்னவர் மறைந்தால் சொல்லும் மறையும். எதிர்ப்போர் மறுத்தால் நம் கையில் காட்டுவதற்கு ஒன்றும் இராது. நினைவை ஆவணத்தோடு இணைத்து, எங்கிருந்து எடுத்தோம் என்பதை எவரும் சரிபார்க்கும் வண்ணம் குறித்து எழுதும்போது அது வரலாறாகிறது. அத்தகைய கட்டுரையை எவ்வாறு ஆயத்தம் செய்வது, சான்றுகளை எவ்வாறு காட்டுவது என்பதை நம் சமுதாய வரலாற்றிலிருந்தே எடுத்துக்காட்டுகள் கொண்டு விளக்க முற்படுகிறேன்.

ஓர் அறிக்கை செய்த பணி

1891-ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்டத்தின் பொறுப்புக் கலெக்டராயிருந்த ட்ரெமன்ஹீர் என்பவர், அம்மாவட்டப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதி அரசுக்கு அளித்தார். இன்றைய மாதவரமும் அக்காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததே. உழைப்பவர்க்கு நிலம் இல்லை. மிராசு உரிமை என்னும் சுவர் அவர்கள் நிலம் பெறுவதைத் தடுத்தது. குடியிருக்கும் மனையும் பிறர் தயவில் இருந்தது. கடனும் அடிமைத்தனமும் தலைமுறை தோறும் தொடர்ந்தன. இவற்றை அவர் விவரமாக எழுதினார். செங்கற்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூரில் வில்லியம் கௌடி போன்ற பாதிரிமாரும் அக்காலத்தில் இக்கொடுமைகளை எடுத்துரைத்தனர். இவற்றின் விளைவாக 30.9.1892 அன்று வருவாய்த் துறை அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்று சொல்லும் நிலங்களுக்கு வழி திறந்த ஆணை அதுவே. பின்னர் விதிக்கப்பட்ட நிபந்தனைகளின்படி, அந்நிலங்களை முதல் பத்தாண்டுகள் விற்கலாகாது; அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினரல்லாத பிறருக்கு விற்கலாகாது.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து அந்நிலங்களை மீட்கும் கிளர்ச்சிகள் எழுந்தன. 10.10.1994 அன்று செங்கற்பட்டில், காரணை நிலப் போராட்டத்தின் தொடர்பாக நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் நீத்தனர். ஒரு பழைய காகிதத்தில் எழுதப்பட்டிருப்பது எத்துணைப் பொருளுடையது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

எண்ணும் நாளும் துறையும்

இவ்வரசாணையின் எண்ணையே எடுத்துக்கொள்வோம். துண்டறிக்கைகளில் அது ‘1010/10அ’ என்று அச்சாகிறது. ஆய்வு நூல்களில் ‘1010, 1010அ’ என்று காணப்படுகிறது. மேடையில் பேசுபவர்க்கு இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆவணக் காப்பகத்தில் கோப்பைக் கேட்டு விண்ணப்பிப்பவர்க்கும், நீதிமன்றத்தில் வாதிடுபவர்க்கும் அது சிறிதன்று. ஆகவே முதல் விதி இது: அரசாணையைக் குறிப்பிடும்போது எண், துறை, நாள் ஆகிய மூன்றையும் எழுதுக, எந்தக் காப்பகத்தில் பார்த்தோம் என்பதையும் சேர்த்து எழுதுக. மூலத்தைப் பார்க்க இயலாமல் பிறர் நூலிலிருந்து எடுத்திருந்தால், இன்னார் நூலில் இத்தனையாம் பக்கத்தில் எடுத்தாளப்பட்டது என்று ஒளிவின்றி எழுதுக. பிறர் கண்டதைத் தாம் கண்டதுபோல எழுதுவது, அவருடைய பிழையையும் நம் தலையில் ஏற்றிவைக்கும்.

தொகைகளும் அப்படியே. 12 இலட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் என்பது மேடைதோறும் ஒலிக்கும் தொகை. கட்டுரையில் அதனை எழுதுபவர், எந்த ஆவணத்தில், எந்த ஆண்டின் கணக்கில் கண்டார் என்பதை அடிக்குறிப்பில் தருதல் வேண்டும். தர இயலாதாயின், தம் ஊர்ப் பதிவேட்டில் தாமே கண்ட இரண்டு ஏக்கரைப் புல எண்ணுடன் எழுதுவது மேலானது. அந்த இரண்டு ஏக்கரை எவரும் மறுக்க இயலாது.

எங்கே, எந்தப் பெயரில் தேடுவது

எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமே நம் முதல் இடம். அதன் அருகிலேயே 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் உள்ளது. தாலுகா அலுவலகங்களில் ‘அ’ பதிவேடும் பழைய நில அளவைப் பதிவேடுகளும் உண்டு. ஒடுக்கப்பட்டோர்க்கு அளிக்கப்பட்ட நிலங்கள் அவற்றில் ‘டி.சி.’ என்னும் குறிப்போடு காணப்படுவதுண்டு.

தேடுபவர் இரண்டு செய்திகளை முன்னரே அறிந்திருத்தல் நலம். முதலாவது, ஊர் இருந்த இடத்திலேயே இருந்தாலும் மாவட்டம் மாறிக்கொண்டே வந்துள்ளது. மாதவரம் செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து 1997-இல் திருவள்ளூர் மாவட்டத்திற்கும், 2018-இல் சென்னை மாவட்டத்திற்கும் வந்தது. சென்னை மாநகராட்சியுடன் 2011-லேயே இணைந்துவிட்டது. ஆகவே சென்னை என்னும் தலைப்பில் மட்டும் தேடுவோர்க்கு நம் ஊரின் பழைய தாள்கள் அகப்படமாட்டா.

இரண்டாவது, நம் பெயரும் மாறியுள்ளது. எம். சி. ராஜா சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தை ஒட்டி, 1922-ஆம் ஆண்டில்தான் பறையர், பஞ்சமர் என்னும் சொற்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்னும் சொல்லை அரசு ஏற்றது. அதற்கு முற்பட்ட கோப்புகளைப் பழைய பெயர்களிலேயே தேடுதல் வேண்டும். 1920-க்குப் பின் நம் மக்களின் பள்ளி, கிணறு, மனை பற்றிய தாள்கள் லேபர் கமிஷனரின் துறையில் கிடக்கின்றன. நம் பாட்டனார் படித்த பள்ளி ‘லேபர் ஸ்கூல்’ எனப்பட்டதும் இதனாலேயே. மேற்கோள் காட்டும்போது, ஆவணத்திலுள்ள சொல் நமக்குக் கசப்பாயினும் அதனை மாற்றாமல் மேற்கோள் குறிக்குள் எழுதுக. நம் சொல்லை நம் வாக்கியத்தில் எழுதுக.

இரு தரப்பையும் கேட்டல்

1921-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பெரம்பூர் பக்கிங்காம், கர்னாட்டிக் ஆலைகளில் வேலைநிறுத்தம் தொடங்கியது. அதில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் சேரவில்லை. புளியந்தோப்புப் பகுதியில் கலகமும் தீவைப்பும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன. இதனைத் தொழிற்சங்கத்தார் ஒருவிதமாகவும், அரசினர் வேறுவிதமாகவும், எம். சி. ராஜா முதலிய நம் தலைவர்கள் மற்றொரு விதமாகவும் சொன்னார்கள். லேபர் துறை ஆதிதிராவிடர்க்குச் சலுகை காட்டியதே குழப்பத்திற்குக் காரணம் என்று நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார் குறைகூறினார். திரு.வி.க.வின் ‘வாழ்க்கைக் குறிப்புக்கள்’ தொழிற்சங்கத் தரப்பை அறிய உதவும். இவற்றுள் ஒன்றை மட்டும் படித்து எழுதிய கட்டுரை வழக்குரையாகுமேயன்றி வரலாறாகாது. நமக்கு எதிரான சான்றையும் எடுத்துக்காட்டி, அதற்கு விடை கூறுபவரே நம்பத்தக்க ஆய்வாளர்.

யார் சொன்னது என்பதைச் சொல்லுதல்

ஆரிங்டன் என்னும் துரையிடம் பணியாற்றிய கந்தப்பன் என்பவர், திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்பது நாம் பெருமிதத்தோடு சொல்லும் செய்தி. கந்தப்பனின் பேரர் அயோத்திதாச பண்டிதர். அவர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் பெயரில் தொடங்கிப் பின் ‘தமிழன்’ எனப் பெயர் மாற்றி, 1914-இல் மறையும்வரை நடத்திய இதழே இச்செய்திக்கு மூலம். எல்லிஸ் மறைந்தது 1819-இல். எனவே ‘கந்தப்பன் அளித்தார்’ என்று வாளா எழுதுவதைவிட, ‘அளித்ததாகப் பேரர் அயோத்திதாசர் தம் இதழில் எழுதுகிறார்’ என்று எழுதுவதே முறை. இதனால் பெருமை குறைவதில்லை. நம் குடும்பங்களில் ஏடுகளும் கல்வியும் இருந்தன என்பதற்குப் பண்டிதரின் கூற்றே ஒரு சான்றாக நிற்கிறது. மறுப்பவர்க்கும் பிடி கிடைப்பதில்லை.

‘தமிழன்’ கட்டுரைகளை ஞான அலாய்சியஸ் தொகுத்தார். 1999-இல் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் அவற்றை ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என வெளியிட்டது. தொகுப்பிலிருந்து எடுப்பவர் தொகுதியும் பக்கமும் குறிப்பதோடு, இதழின் நாளையும் சேர்த்தல் வேண்டும். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தொடங்கிய ‘பறையன்’ இதழுக்கும், அவர் 1939-இல் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்க’த்திற்கும் இதுவே முறை.

முதியோர் வாய்மொழியும் சான்றே. சொன்னவர் பெயர், வயது, ஊர், கேட்ட நாள் ஆகியவற்றை அவருடைய இசைவு பெற்றுக் குறித்துக்கொள்க. தாமே கண்டதா, தம் தாய் தந்தையர் சொல்லக் கேட்டதா என்பதையும் கேட்டு எழுதுக.

கட்டுரையை அமைத்தல்

ஒரு கட்டுரைக்கு ஒரு கேள்வி போதும். ‘மாதவரத்தின் வரலாறு’ என்று தொடங்கினால் முடிவு காண இயலாது. ‘எங்கள் ஊர்ப் பள்ளி எந்த ஆண்டில், எவருடைய மனுவினால் வந்தது?’ என்று தொடங்கினால் விடை காணலாம். படிக்கும்போதே ஒவ்வொரு செய்தியையும் தனித் தாளில் எழுதி, அதன் கீழேயே மூலத்தைக் குறித்துவிடுக. பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் என்று விட்ட பக்க எண் திரும்பக் கிடைப்பது அரிது. நூலாயின் ஆசிரியர், நூற்பெயர், பதிப்பிடம், ஆண்டு, பக்கம். இதழாயின் மலர், இதழ், நாள். இம்முறையைக் கட்டுரை முழுதும் ஒன்றுபோலக் கையாளுக. முடித்தபின் அறிந்தவர் ஒருவரிடம் கொடுத்து அடிக்குறிப்புகளைச் சரிபார்க்கச் சொல்லி, அதன்பின் தமிழ்நாடு வரலாற்றுப் பேரவை போன்ற அமைப்புகளுக்கும் வட்டார ஆய்விதழ்களுக்கும் அனுப்புக.

இளைஞர்களே! நம்மைப் பற்றிய அறிக்கைகளை நெடுங்காலம் பிறரே எழுதினர். ட்ரெமன்ஹீர் எழுதியபோது நம் முன்னோர்க்குப் பள்ளிக் கதவும் பெரிதும் அடைத்தே கிடந்தது. இன்று நம் வீடுகளில் பட்டதாரிகள் இருக்கின்றனர். காப்பகத்தின் கதவும் திறந்திருக்கிறது. இக்கல்விச் சங்கத்தின் பயன் பட்டங்களோடு நின்றுவிடலாகாது. ஊருக்கு ஒருவரேனும் தம் தெருவின் வரலாற்றைச் சான்றுகாட்டி எழுதுவாராயின், அடுத்த தலைமுறை தன் உரிமையைக் கேட்கும்போது கையில் ஆவணத்தோடு கேட்கும்.